பதினாலாவது ரீல்

இப்பல்லாம் ஜனங்களுக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை, படத்தைப் பற்றிப் பேசத்தான் தெரிகிறது. முன்னே மட்டும் யோக்கியமாக இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. முன்னேயும் விசில் அடித்தான், பெஞ்சை உடைத்தான், வெற்றிலைச் சாற்றைச் சுவரில் துப்பினான். ஆனால் வணக்கம் போட்டதும் வேட்டியைத் தட்டிக்கொண்டு வூட்டுக்குப் போய்விட்டான். இப்போது போகிறானா? கேட்டிலேயே நின்றுகொண்டு "கதை எடுபடல", "முடிவு சப்புன்னு இருக்குது", "நானா இருந்தா இப்பிடி எடுத்திருக்க மாட்டேன்" என்கிறான். வூட்டில் கொழம்புக்கு உப்பு பத்தலை என்று சொன்னால் பொண்டாட்டி கரண்டியைத் தூக்குவாள். அதனால் அந்த வாயை இங்கே கொண்டுவந்து திறக்கிறான்.

கள்ளக்குறிச்சியில் காஜா மைதீன் பாயுடைய சினிமாக் கொட்டாயில் முப்பத்தோரு வருசம் ஆபரேட்டராக இருந்தவன் நான். பெயர் சுப்புராயன். மூணாங்கிளாஸ் படித்தவன். நோட்டீஸில் பெரிய எழுத்தைப் படிப்பேன், சின்ன எழுத்தை நம்ப மாட்டேன்.

இந்தப் பேச்சு வியாதி முற்றிப்போய் நான் பார்த்தது எண்பத்தேழாம் வருசம், புரட்டாசி முதல் வாரம். இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம். சேலம் ரோட்டில், உளுந்தூர்ப்பேட்டை ரோட்டில், கச்சிராயபாளையம் ரோட்டில், எங்கே பார்த்தாலும் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே தள்ளிவிட்டார்கள். தள்ளினவர்கள் எங்கள் சாதி ஆட்கள்தான். படித்த பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், காலேஜில் இடம் வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. கேட்டால் கிடைக்குமா என்பதில்தான் எனக்கு நம்பிக்கை இல்லை. வடக்கே துப்பாக்கிச் சூடு, ஆட்கள் செத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. அன்றைக்கு பாய் இரண்டு ஷோவையும் நிறுத்திவிட்டார். மறுநாள் திறந்தார். திறக்காமல் என்ன செய்வது? பஸ் இல்லாமல் ஊரில் மாட்டிக்கொண்ட ஜனங்கள் எங்கேதான் உட்காருவார்கள்?

படமும் மாட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை அந்தப் படப்பெட்டி சின்னசேலத்துக்குப் போயிருக்க வேண்டும், எங்களுக்கு வேறு பெட்டி வந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. அதனால் ஒரு வாரமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்த படத்தையே இன்னும் ஒரு வாரம் ஓட்டினோம். பகல் காட்சி, மாலைக் காட்சி. ராத்திரி ஆட்டம் கிடையாது.

படத்தின் பெயர் 'யோசிச்சுச் சொல்றேன்'. காதல் காமெடி. கதை இதுதான். மலைமேல் ஓர் ஊரில் தபாலாபீஸில் வேலை பார்க்கிறாள் ஒருத்தி. கட்டினவன் வயசானவன், நல்லவன். குக்கர் விற்க வருகிற ஒரு பையனைப் பார்த்து அவள் மனசு தடுமாறுகிறது. தப்பு ஒன்றும் செய்யவில்லை. செய்யாததையே புருசனிடம் போய்ச் சொல்லிவிடுகிறாள்: "என்னைக் கொஞ்ச நாள் எங்க அம்மா வூட்டுல விடுங்க, இங்க இருந்தா மனசு சரியில்ல." புருசன் ஏழாவது ரீலில் காய்ச்சலில் செத்துப்போகிறான். அப்புறம் குக்கர்காரன் ஆட்டுக்குட்டியும் கையுமாக வந்து கட்டிக்கொள்ளக் கேட்கிறான். ஆறு ரீலுக்கு அவள் "யோசிச்சுச் சொல்றேன்" என்றே சொல்கிறாள். பதிமூணாவது ரீல் முடிவில், "வேணாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோய் பஸ்ஸில் ஏறுகிறாள். பதினாலாவது ரீலில் அவன் ஆட்டுக்குட்டியோடு ரோட்டில் குறுக்கே படுத்து பஸ்ஸை நிறுத்துகிறான். அவள் திட்ட இறங்குகிறாள். ஆடு அவள் கையில் இருக்கிற டிக்கெட்டைத் தின்றுவிடுகிறது. சிரித்துவிடுகிறாள். கல்யாணம், பாட்டு, வணக்கம்.

என் மகள் ஆண்டாள் கொட்டாயில் பொம்பளை டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயசு. கட்டிக்கொடுத்த இரண்டாம் வருசம், கிணற்று மோட்டாரில் கரண்ட் அடித்து மருமகன் செத்துவிட்டான். அதிலிருந்து மூணு வருசமாக என்னோடுதான் இருந்தாள். அவள் அம்மா முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டாள். வூட்டில் நானும் அவளும்தான்.

வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிற ராசு அவளைக் கேட்டான். ஆடி மாசத்தில் கொட்டாய்க்கு வந்து, நான் படம் ஓட்டுகிற கேபின் படியில் நின்று நேராகவே கேட்டான்.

"மாமா, ஆண்டாள எனக்குக் குடுங்க. ரெண்டாங்கல்யாணம்னு எனக்கு ஒண்ணும் கிடையாது. எங்க அக்காவுக்கும் சம்மதம்."

எங்கள் ஆள்தான், குடிக்கிறவன் இல்லை. நாலு பேரிடம் விசாரித்தேன். ஒருத்தனும் குறை சொல்லவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. செத்துப்போன மருமகனைப் பற்றியும் ஒருத்தனும் குறை சொல்லவில்லை.

"பாக்கலாம்" என்றேன்.

"எப்ப மாமா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்."

ஆவணி போனது. "ஐப்பசிக்குள்ள சொல்லிடுங்க மாமா, எங்க அக்கா வேற எடம் பாக்குது" என்று இன்னொரு தடவை வந்து சொன்னான். ஆண்டாளைக் கேட்டேன். "உன் இஷ்டம்ப்பா" என்றாள். என் இஷ்டம் என்று எதைக் கேட்டாலும் சொல்வாள். மூணு வருசமாக அவளுக்கென்று ஓர் இஷ்டம் இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

மறியலில் ராசுவின் ஜீப்பும் மாட்டிக்கொண்டது. கச்சிராயபாளையம் ரோட்டில் மரம் கிடந்ததால் மலைக்குப் போக முடியாமல் ஜீப்பைக் கொட்டாய்க்கு எதிரே நிறுத்திவிட்டு, தினமும் தரை டிக்கெட்டில் வந்து உட்கார்ந்தான். பாட்டு வரும்போது அவன் திரையைப் பார்க்கவில்லை. கேபின் ஓட்டை வழியாக எனக்குத் தலைகள்தான் தெரியும். அவன் தலை பொம்பளைப் பக்கம் கதவை நோக்கித் திரும்பியிருந்தது.

கொட்டாயைத் திறந்த வெள்ளிக்கிழமை இரண்டு காட்சியிலும் சத்தம் தாங்கவில்லை. கடைசி ரீலில் அந்தக் குக்கர்காரன் ரோட்டில் படுத்தானா, பையன்கள் எழுந்து நின்றுகொண்டார்கள்.

"மறியல் டோய்!"

"நம்மாளுடா அவன்!"

"பொண்ணுலயும் ஒதுக்கீடு கேளுடா!"

வெளியே நின்றிருந்த போலீஸ் வண்டியிலிருந்து ஏட்டு இறங்கி வந்து, "உள்ள இன்னா கோஷம்?" என்று பாயைக் கேட்டுவிட்டுப் போனார். பாய் வியர்த்துப்போய் கேபினுக்கு ஏறி வந்தார். அவர் அந்தப் படியில் ஏறி வருசம் ஆகியிருக்கும்.

"ஆபரேட்டரே, அந்த ரோட்ல படுக்கற சீன் இன்னா நீளம்?"

"மூணு நிமிசம் இருக்கும் பாய்."

"அத்த மட்டும் தூக்கிடுங்க. ரோடு தெறந்ததும் ஒட்டிக்கலாம். எனக்கு இன்னாத்துக்கு இந்த வம்பு?"

மூணு நிமிசம்தான் அவர் சொன்னார். நான் ரீலையே தூக்கினேன். அவன் படுக்கவில்லை என்றால் பஸ் ஏன் நிற்கிறது, பஸ் நிற்கவில்லை என்றால் கல்யாணம் எப்படி வந்தது என்று ஜனங்கள் கேட்பார்கள் என்று பாயிடம் சொன்னேன். அது நிஜம்தான். ஆனால் அது மட்டும் நிஜம் இல்லை. அந்த ரீல் ஓடும்போதெல்லாம் ஆண்டாள் கவுண்டரைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, பொம்பளைப் பக்கத்துத் தூணில் சாய்ந்து நின்று பார்த்தாள். ஏழு நாளாகப் பார்த்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை.

பதினாலாவது ரீலின் வாலில் இருந்த 'வணக்கம்' துண்டை மட்டும் வெட்டினேன். ஓரத்தைப் பிளேடால் சுரண்டி, பிலிம் ஒட்டுகிற சிமெண்ட் தடவி, பதிமூணாவது ரீலின் வாலில் வைத்து அழுத்திப் பிடித்தேன். அவள் பஸ்ஸில் ஏறுகிறாள், புழுதி பறக்கிறது, வணக்கம். ஒட்டு தெரியவில்லை. என் வேலையில் ஒட்டுத் தெரிந்தது என்று எவனும் சொன்னதில்லை.

சனிக்கிழமை பகல் காட்சி முடிந்ததும் ஆண்டாள் மேலே வந்தாள்.

"கடைசி ரீலு எங்கப்பா?"

"பாய் தூக்கச் சொல்லிட்டாரு."

"ரீலையேவா சொன்னாரு?"

நான் மெஷின் விளக்கில் எரிகிற கார்பன் குச்சியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் பெஞ்சுக்குக் கீழே இருந்த டப்பாவைப் பார்த்தாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம்தான் விமர்சனம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. கேபின் ஜன்னல் எதிர் டீக்கடைக்கு நேரே இருக்கிறது. ஷோ விட்டதும் எல்லாப் பேச்சும் மேலே வரும். பெரிய ஆட்கள், "பரவால்ல, மரியாதையா முடிச்சிருக்கான்" என்றார்கள். பொம்பளைகள் வாயைத் திறக்காமல் போனார்கள். ஒரு கிழவி மட்டும் கேட்டில் நின்று, "எங்கள இம்மாம் நேரம் சிரிக்க வச்சிட்டு கடைசில எழவு வூட்டுக்கு அனுப்பற மாதிரி அனுப்பறீங்களே, நல்லாருப்பீங்களா?" என்று கேட்கீப்பரைத் திட்டினாள். அவன் என்ன செய்வான்?

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி விட்டு நான் டீ குடிக்க இறங்கினேன். கடையில் ஊர்க்காரர்கள் யாரும் இல்லை. சேலத்திலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகிற வழியில் பஸ்ஸோடு மாட்டிக்கொண்ட ஒரு காலேஜ் வாத்தியார், நாலு நாளாக லாட்ஜில் கிடந்தவர், அன்றைக்குத்தான் படம் பார்த்திருந்தார். அறிவுச்செல்வன் என்று பெயர். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறாராம், ஏதோ சின்னப் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதுகிறாராம். பக்கத்தில் கடுக்காய் மூட்டையோடு இறங்கி மாட்டிக்கொண்ட மலைக்காரப் பொம்பளை சின்னப்பொண்ணு. ஒரு லாரி டிரைவர். பெஞ்சின் கடைசியில் ராசு.

வாத்தியார் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எனக்காக யாரும் எழுந்ததில்லை. எதையோ கேட்கப்போகிறார் என்று தெரிந்துபோனது.

"அய்யா, நீங்கதானே ஆபரேட்டர்?"

"ஆமா. இன்னா, போகஸ் சரியில்லியா?"

"அதெல்லாம் இல்லீங்க. இந்தப் படம் எதுலேர்ந்து எடுத்ததுன்னு தெரியுமா? பிரான்சுல முந்நூறு வருசத்துக்கு முன்னால எழுதின நாவல். அத நாங்க கிளாஸ்ல பாடமா நடத்தறோம். நம்ம ஆளுங்க காமெடி பண்ணி நாசம் பண்ணிடுவாங்கன்னு பயந்துகிட்டே பாத்தேன். பண்ணவும் பண்ணாங்க. குக்கரு, ஆட்டுக்குட்டி, என்ன கூத்து! ஆனா அந்த முடிவு... புருசன் செத்தாச்சு, தடை ஒண்ணுமில்ல, ஆசையும் இருக்கு. அப்பவும் வேண்டாம்னு சொல்லிட்டுப் போறா பாருங்க. நாவல்லயும் அதேதான். ஒரு தமிழ் டைரக்டருக்கு இவ்வளவு துணிச்சல் இருக்கும்னு நான் நெனக்கவே இல்ல. இதப் பத்தி நான் எழுதத்தான் போறேன்."

டிரைவர் பீடியைக் கீழே போட்டார். "அவ ஏன் சார் வேணாம்ங்கிறா? அது எனக்குப் புரியல."

"இன்னைக்கு அவன் அன்பா இருக்கான். நாளைக்கும் இப்படியே இருப்பானா? அவளுக்கு அதுல நம்பிக்கையில்ல. அதான் விஷயம்."

முந்நூறு வருசத்துக்கு முன்னே எவளோ வெள்ளைக்காரி. அவளுக்கு இருந்த புத்தி எனக்குப் பிடித்திருந்தது.

சின்னப்பொண்ணு டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "நாளைக்கு இருப்பானான்னு கேட்டா எவன்தான் சாமி இருப்பான்? எம் மொத புருசன் செத்தான். ரெண்டாவது ஆளு ஓடிப்போனான். மூணாவது ஆளு அதோ, மூட்டை மேல வாயப் பொளந்துக்கினு தூங்கறான் பாரு. எங்க மலையில இத்தல்லாம் ஒரு கதைன்னு சொன்னா சிரிப்பாங்க."

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "நாலாவதுக்கு எடம் காலி இருக்குதா ஆயா?"

"உன் லாரி ஓடட்டும் மொதல்ல. அப்பறம் கேளு."

ஆண்டாள் கவுண்டரைப் பூட்டிவிட்டு, எனக்கு வாங்க வேண்டிய டீயை வாங்கிப்போக டம்ளரோடு வந்து நின்றிருந்தாள். நான் இறங்கி வந்தது அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது. எப்போது வந்தாள், எதுவரைக்கும் கேட்டாள் என்று நான் பார்க்கவில்லை.

"சார்" என்றாள். "வேணாம்னு சொல்லிட்டுப் போனாளே, அதுக்கப்பறம் அவ இன்னா ஆனா? அந்த நாவல்ல?"

வாத்தியார் திரும்பினார். "மடத்துல போய்ச் சேந்துட்டாம்மா. கொஞ்ச நாள்லயே செத்தும் போயிட்டா."

"எத்தினி வயசு?"

"சின்ன வயசுதான்."

"இத்தயா சார் பசங்களுக்குப் பாடம் நடத்தறீங்க?"

வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ராசு பெஞ்சிலிருந்து பேசினான். அவன் அப்படி நாலு பேர் நடுவில் பேசுகிறவன் இல்லை.

"சார், அது முடிவு இல்ல. நான் வெள்ளிக்கெழம பாத்தேன். அப்பறம் அவன் ரோட்ல படுத்து பஸ்ஸ நிறுத்துவான். அவ சிரிச்சிடுவா. கல்யாணம் ஆவும்."

"என்ன தம்பி சொல்றீங்க? நான் வணக்கம் போடற வரைக்கும் உக்காந்திருந்தேனே!" வாத்தியார் என் பக்கம் திரும்பினார். "அய்யா, ஓட்டறவர் நீங்க. இன்னும் ரீல் இருக்கா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போலீஸ், பாய், மறியல் என்று காரணத்தைச் சொல்லியிருக்கலாம். அதில் பொய்யும் இல்லை. நான் சொல்லவில்லை.

"இல்ல. படம் அவ்ளோதான்" என்றேன். "இவன் வேற ஏதோ படத்தப் பாத்துட்டு ஒளர்றான்."

ராசு என்னைப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். தலையைக் குனிந்துகொண்டான்.

"சரிங்க மாமா. நீங்க சொன்னா சரி."

"இருக்குது சார்" என்றாள் ஆண்டாள். "பதினாலாவது ரீலு. கேபின்ல பெஞ்சுக்குக் கீழ டப்பாவுல இருக்குது. எங்க அப்பாதான் எடுத்தாரு."

சின்னப்பொண்ணு "ஆங், அதான பாத்தேன்" என்றாள்.

நான் டீயை அப்படியே வைத்துவிட்டு மேலே போனேன். கொஞ்ச நேரத்தில் ஆண்டாள் அந்த டீயை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நாலு பேரு முன்னாடி எம் மூஞ்சில அடிச்சிட்ட" என்றேன்.

"நீ நாலு பேரு முன்னாடி அவர ஒளர்றவன்னு சொன்ன."

"அவருன்றியா?"

"ஆமா. அவருதான்."

அவள் என்னிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

"ஆண்டாளு, மலை ரோடு. ஒரு ஜீப்புல இருவது பேர ஏத்திக்கினு போறானுங்க. மழை பேஞ்சா மண்ணு சரியிது. இன்னொரு தடவ உன்ன அந்தக் கோலத்துல பாக்க என்னால ஆவாது. எனக்குத் தெம்பு இல்ல."

"மொதல்ல செத்தவரு மலையிலயா செத்தாரு? நம்ம கெணத்துல, தரையில நின்னுக்கினுதான செத்தாரு."

நான் பேச்சை மாற்றினேன்.

"நான் கேட்டப்ப உன் இஷ்டம்னுதான சொன்ன?"

"நீயா ஒரு நாளு சரின்னு சொல்லுவன்னு பாத்தேன். நீ ரீலத் தூக்கன. இனிமே எதுக்குப் பாக்கறது? ஐப்பசிக்கு நான் போறேன்ப்பா. நீ வந்து தாலி எடுத்துக் குடுத்தா சந்தோசம்."

டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

விஷயம் பாய் காதுக்குப் போய், திங்கட்கிழமை காலையில் சிரித்துக்கொண்டே வந்தார். போலீஸ் வண்டி அன்றைக்கு வேறு பக்கம் போயிருந்தது.

"இன்னா ஆபரேட்டரே, மூணு நிமிசம் கேட்டா முழு ரீலையும் முழுங்கிட்டீங்க? அந்தப் பாண்டிச்சேரி வாத்தியாரு காலையிலேர்ந்து என் உயிர எடுக்கறாரு. பகல் காட்சிக்கு முன்னாடி அந்த ஒரு ரீல மட்டும் ஓட்டிக் காட்டிடுங்க. சும்மா."

ஒரு ரீலுக்காக முந்நூறு பேர் வந்தார்கள். மாட்டிக்கொண்ட ஜனங்கள், வேறு வேலை இல்லை. பாதிப் பேர் முன் கதையை மறந்திருப்பார்கள். சின்னப்பொண்ணு தன் மூணாவது புருசனையும் எழுப்பிக் கூட்டிவந்திருந்தாள். ரீலை மெஷினில் மாட்டினேன். பத்து நிமிசம்.

அவன் ரோட்டில் படுத்தபோது பையன்கள் கத்தினார்கள். வாத்தியார் முன் வரிசையில் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். ஆடு டிக்கெட்டைத் தின்றபோது கொட்டாயே சிரித்தது. நான் பொம்பளைப் பக்கத்துத் தூணைப் பார்த்தேன். ஆண்டாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. ஏழு நாள் பார்த்த சீன்தான் அது. ஆட்டுக்குட்டியைப் பார்த்து மனுசர் அவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது? சினிமாவில் சிரிக்கிறது சுலபம், கொட்டாயை விட்டு வெளியே வந்தால் வெயில்தான்.

வணக்கத்தை நான் பதிமூணாவதில் ஒட்டியிருந்ததால், இந்த ரீல் கல்யாணப் பாட்டின் நடுவிலேயே மொட்டையாக நின்று திரை வெள்ளையானது. ஜனங்கள் இன்னும் வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிறகுதான் எழுந்தார்கள்.

வாத்தியார் மேலே ஏறி வந்தார். முகம் தொங்கியிருந்தது.

"கெடுத்துட்டான்யா. மொத்தமா கெடுத்துட்டான். அய்யா, நான் மனசாரச் சொல்றேன், நீங்க வெட்டினதுதான் படம். இது குப்பை."

என்னை மெச்சுகிறவனை நான் சந்தேகப்படாமல் விட்டதில்லை. "சார், நீங்க கல்யாணம் ஆனவரா?" என்று கேட்டேன்.

"ஆயிடுச்சு. ரெண்டு பசங்க. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

புதன்கிழமை மரங்களை இழுத்துப் போட்டார்கள். ரோடு திறந்தது. பெட்டி சின்னசேலத்துக்குப் போனது. வணக்கத்தை அதன் இடத்தில் ஒட்டித்தான் அனுப்பினேன். எவன் என்ன சொன்னாலும் என் வேலையில் அப்படி விட மாட்டேன்.

அந்த வாத்தியார் எழுதிய பத்திரிகை ஒரு மாசத்தில் கொட்டாய் விலாசத்துக்குத் தபாலில் வந்தது. ஆண்டாள்தான் படித்துக் காட்டினாள். நாவலைப் பற்றி நாலு பக்கம், படத்தைப் பற்றி ஒரு பக்கம். கடைசியில், கள்ளக்குறிச்சியில் பெயர் தெரியாத ஒரு முதிய தொழிலாளி வெட்டிக் காட்டிய வடிவத்தில்தான் அந்தப் படம் மூலக்கதைக்கு உண்மையாக இருந்தது, படைப்பாளிக்குத் தெரியாதது அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது என்று எழுதியிருந்தார். பெயரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நாலு நாள் எதிரில் டீ குடித்தவர்.

ஆண்டாள் பத்திரிகையை மடித்து என்னிடம் கொடுத்தாள். "பத்திரமா வச்சிக்கப்பா. உன்னப் பெருமையா எழுதிருக்காரு" என்றாள். கிண்டலா நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஐப்பசியில் திருநாவலூர்க் கோயிலில் ராசு தாலி கட்டினான். எடுத்துக் கொடுத்தேன். கொடுக்க மாட்டேன் என்று ஊர் முழுக்கப் பேசிவிட்டுத்தான் கொடுத்தேன்.

அன்றைக்கே கள்ளக்குறிச்சி வந்து, கச்சிராயபாளையம் ரோடு திரும்புகிற இடத்தில் ஜீப்பை நிறுத்தினான். காலையிலிருந்து தூறல். மேற்கே மலை தெரியவே இல்லை, ஒரே மேகம். பின்னால் அவன் அக்கா, அக்கா பிள்ளைகள், பாத்திரம், பாய், ஒரு மூட்டை அரிசி. ஆண்டாள் முன்னால் உட்கார்ந்து, நான் உட்கார இடம் விட்டு ஒதுங்கியிருந்தாள்.

"ஏறுங்க மாமா" என்றான் ராசு. "நாலு நாளு இருந்துட்டு வாங்க. கரியாலூரு அருவில தண்ணி நல்லா வுழுது."

நான் ஜீப்பைச் சுற்றி வந்தேன். குனிந்து பின் டயரையும் முன் டயரையும் தடவிப் பார்த்தேன், முன்னது பல் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"பின்னாடி ரெண்டும் புதுசு மாமா. கல்யாணத்துக்குன்னே மாத்தனேன்."

"முன்னாடி?"

"தை மாசம் மாத்திடறேன்."

"மழை இப்ப பேயிது. தை மாசம் மாத்தறேன்றான்."

"அப்பா, ஏறுப்பா" என்றாள் ஆண்டாள்.

"பகல் காட்சி இருக்குது" என்றேன். "பொறுமையா ஓட்டு. ஹாரன் அடிச்சிக்கினே போ."

"சரிங்க மாமா."

கியர் போட்டான். ஆண்டாள் தலையை வெளியே நீட்டி ஏதோ சொன்னாள். இஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. கையை ஆட்டினேன். வாத்தியார் மெச்சினார், பாய் சிரித்தார், மலைக்காரி நாலாவது புருசனைப் பற்றிப் பேசினாள். அவர்களில் ஒருத்தரும் அந்த முன் டயரைத் தடவிப் பார்க்கவில்லை. ஜீப் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நிற்பதா என்று யோசித்தேன். நின்றால் மட்டும் அந்த டயருக்குப் பல் முளைக்குமா? துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கொட்டாய்ப் பக்கம் நடந்தேன்.